பழைய மடல்கள், புது சர்வர்: மூன்று மொழிப் பலகைக்கு எந்தக் குறியேற்றத்தை டிஃபால்ட்டாக வைப்பது?

அச்சாபீஸ் மாமா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்காலில் 1986-லிருந்து அச்சகம் நடத்துகிறேன். டிரெடில் மிஷினில் கல்யாணப் பத்திரிகை அடித்துத் தொடங்கியவன், இப்போது டி.டி.பி., ஃபிளெக்ஸ் என்று வந்து நிற்கிறேன். கணினி முறையாகப் படித்தவன் இல்லை. எழுத்துகளோடு புழங்கியவன், அவ்வளவுதான்.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்களுக்காக 2002-ல் ஒரு மடல் பலகை தொடங்கினோம். துலூஸில் இருக்கும் என் அக்கா மகன் அமைத்துக் கொடுத்தான். எங்கள் ஊரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; தெருவுக்கு நாலு வீடு பிரான்சில் இருக்கிறது. சொல்தா பென்ஷன், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்ததற்கான பென்ஷன், வாங்கிய தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் எல்லாம் இப்போது பாரிஸ், லியோன், ரெயூனியன் என்று இருக்கிறார்கள். அதனால் பலகையில் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் ஓடும். ஒரே மடலிலேயே மூன்றும் வரும். மாங்கனித் திருவிழாவுக்கு வருகிறேன் என்று தமிழில் தொடங்கி, விமான டிக்கெட் விலையைப் பிரெஞ்சில் திட்டி, ஆங்கிலத்தில் 'சீ யூ சூன்' போட்டு முடிப்பார்கள்.

போன மாதம் ஹோஸ்டிங் கம்பெனிக்காரர்கள் பழைய சர்வரை மூடப்போகிறோம் என்று சொல்லி எல்லாவற்றையும் புது சர்வருக்கு மாற்றினார்கள். மாற்றிய மறுநாள் காலை பலகையைத் திறந்தால் தமிழ் இல்லை. தலைக்கு மேல் சாய்கோடு போட்ட சின்ன 'ஏ', அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்', அப்புறம் ஏதோ ஒன்று. மறுபடி அதே 'ஏ', அதே வட்டம். பக்கம் பக்கமாக இதுதான். பிரெஞ்சில் தலைக்கோடு போட்ட 'ஈ' வர வேண்டிய இடத்தில் அலைக்கோடு போட்ட பெரிய 'ஏ'யும் வட்டத்துக்குள் 'சி'யும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. இது 2006-க்குப் பிறகு வந்த மடல்களின் கதை.

அதற்கு முந்தியவை வேறு மாதிரிக் கெட்டிருக்கின்றன. 2002-லிருந்து 2004 வரை நாங்கள் பெரும்பாலும் திஸ்கியில் எழுதினோம். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய தமிழ்க் குறியேற்றம் அது. முன்பு திஸ்கி எழுத்துரு போட்டுக்கொண்டால் படிக்கலாம். இப்போது எதைப் போட்டாலும் படிக்க முடியவில்லை. நடுநடுவே சில மடல்களில் வெறும் எண்கள். ஆம்பர்சண்ட், ஹேஷ், 2980, அரைப்புள்ளி. மறுபடி ஆம்பர்சண்ட், ஹேஷ், வேறொரு எண். 2009-ல் ஒரு மூன்று வாரத்து மடல்கள் முழுக்கக் கேள்விக்குறி. இது இப்போது ஆனது இல்லை, அப்போதே இப்படித்தான் இருந்தது என்கிறான் மருமகன்.

கம்பெனியில் பேசிய பையன், "சார், டிஃபால்ட் கேரக்டர் செட் என்ன வைக்கட்டும்?" என்று கேட்டு ஒரு பட்டியலை அனுப்பினான். எந்த எழுத்தை எந்த எண்ணாகச் சேமிப்பது என்கிற குறியேற்றம்தான் அதுவாம்; வேறொன்றும் சொல்லாவிட்டால் சர்வர் எடுத்துக்கொள்வது டிஃபால்ட். லத்தீன்-1 என்று இருக்கிறது, பக்கத்தில் ஸ்வீடிஷ் என்று வேறு போட்டிருக்கிறது. எங்கள் பலகையில் ஸ்வீடன்காரர் ஒருவர்கூடக் கிடையாது. யூடிஎஃப்8 என்று ஒன்று, யூடிஎஃப்8எம்பி4 என்று இன்னொன்று.

எனக்குப் புரிந்த வரையில் இது எழுத்து கேஸ் விவகாரம். கேஸ் என்றால் ஈய எழுத்துகளை அறை அறையாகப் பிரித்து வைக்கும் பெட்டி. கையால் கோர்த்த காலத்தில் எங்கள் கம்பாசிட்டர் கேஸைப் பார்க்கவே மாட்டார். எந்த அறையில் எந்த எழுத்து என்பது அவர் கைக்குத் தெரியும். அவரையே இன்னொரு அச்சகத்துக் கேஸின் முன்னால் நிறுத்தினால் அதே வேகத்தில் அபத்தமாகக் கோர்த்துவிடுவார். எழுத்தில் கோளாறு இல்லை, எந்தக் கேஸ் என்பதில்தான் கோளாறு. இதுவரை நான் சொன்னது சரியா? சரியென்றால் கேள்வி இரண்டு. இனி வருவதற்கு எதை வைப்பது? பழைய பதினோராயிரம் மடல்களை என்ன செய்வது?

நள்ளிரவு நிரலன் எழுதியது:

மாமா, கேஸ் உவமை சரியாகப் பொருந்துகிறது. நான் திருடிக்கொள்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் ஒரே சொல்: யூடிஎஃப்8எம்பி4. யோசிக்கவே வேண்டாம். யூ.டி.எஃப்-8 என்பது யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக, அதாவது 0 முதல் 255 வரையான எண்களாக, எழுதும் முறை. ஆனால் பட்டியலில் இருக்கும் வெறும் யூடிஎஃப்8 ஏமாற்றுப் பெயர். உங்கள் மடல்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான மை-எஸ்க்யூஎல்லில் அது ஒரு குறிக்கு மூன்று பைட் வரைதான் இடம் கொடுக்கும். தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டில் அடங்கிவிடுவதால் முதலில் ஒன்றும் தெரியாது. யாராவது பிறந்தநாள் வாழ்த்தில் ஒரு கேக் பொம்மை (இமோஜி) போட்டால் அது நாலு பைட். பழைய அமைப்புகளில் கேக்கிலிருந்து கடைசி வரை மடல் அப்படியே வெட்டுப்பட்டுப் போகும். நாலு பைட் வரை தாங்கும் எம்பி4 2010-ல்தான் வந்தது. 2018-ல் வந்த 8.0 பதிப்பில்தான் அதுவே டிஃபால்ட் ஆனது. அதுவரை டிஃபால்ட் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1, வரிசைப்படுத்துவது ஸ்வீடிஷ் முறையில். மை-எஸ்க்யூஎல் கம்பெனி ஸ்வீடனில் பிறந்தது, அதனால்தான். உலகத்தில் பாதிப் பலகைகள் காரணம் தெரியாமலே பல வருடம் ஸ்வீடிஷ் அகரவரிசையில் ஓடியிருக்கின்றன.

பொம்மை எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். தமிழுக்கே நாலு பைட் தேவைப்படும் இடம் இருக்கிறது. முந்திரி, மாகாணி மாதிரிப் பழைய பின்னக் குறிகள், உழக்கு, குறுணி, பதக்கு மாதிரி அளவைக் குறிகள் எல்லாம் 2019-ல் யூனிகோடு 12.0-ல் சேர்ந்தன. அவை நாலு பைட். உங்கள் ஊர்க்காரர் யாராவது தாத்தாவின் நிலப்பத்திரத்தைத் தட்டச்சு செய்து போட்டால் தேவைப்படும்.

இரண்டாவது கேள்விக்குச் பைத்தான் நிரல்மொழியில் ஒரு சின்ன ஸ்க்ரிப்ட் போதும். இப்போது இருப்பதை விண்டோஸ்-1252 (லத்தீன்-1 போன்ற விண்டோஸ் குறியேற்றம்) என்று வைத்துப் பைட்டுகளாக்கி, அந்தப் பைட்டுகளை யூ.டி.எஃப்-8 என்று திரும்பப் படிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் பிழை வந்தால் தாண்டிப் போ என்று போட்டுவிடுங்கள். பத்து வரிகூட வராது. மருமகனிடம் சொல்லுங்கள், ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

அச்சாபீஸ் மாமா எழுதியது:

டீ குடித்தாயிற்று தம்பி. நல்லவேளை, ஒரு நகல் எடுத்து அதில்தான் ஓட்டினான்.

தமிழ் வந்துவிட்டது. வந்த தமிழைப் பாருங்கள்: "வணககம. நான காரைககால வநத சேரநதேன." மடல் முழுக்க ஒரு புள்ளி இல்லை. 'வந்து' என்பது 'வநத' ஆகியிருக்கிறது, அதாவது உகரமும் போய்விட்டது. 'தமிழுக்கு' என்று எழுதியது 'தமிழகக' என்று நிற்கிறது. சுவடியில் புள்ளி போடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். காரைக்கால் அம்மையார் காலத்து ஓலையைப் படிப்பது போல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நாற்பது வருடம் புரூப் பார்த்த கண் என்பதால் ஓரளவு ஓடுகிறது. ஆனால் 'ஐந்து' என்பது 'நத' என்று வந்தால் யாருக்குப் புரியும்?

திஸ்கி மடல்கள் நிலைமை இன்னும் மோசம். எழுத்தே இல்லை, முற்றுப்புள்ளியும் காற்புள்ளியும் மட்டும் வரிசையாக நிற்கின்றன. பாத்திரம் காலி, கரண்டி மட்டும் இருக்கிறது.

எட்டாம் பிட் எழுதியது:

ஐயா, அந்த நகலைத் தூக்கிப் போடுங்கள். பழைய சர்வரின் பேக்கப் கோப்பு கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இருக்கும் வரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

புள்ளியும் உகரமும் மட்டும் ஏன் போயின என்று சொல்கிறேன், நான் இதில் ஒரு முறை கை சுட்டுக்கொண்டவள். நிரலன் தம்பி சொன்ன பழைய பின்ன, அளவைக் குறிகளைத் தவிர, யூ.டி.எஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஈ-0 (பைட்டைப் பதினாறடிமான முறையில், 0-9 போக ஏ முதல் எஃப் வரை எழுத்தும் சேர்த்து எழுதுவோம்). இரண்டாவது ஏ-ஈ அல்லது ஏ-எஃப். மூன்றாவது மட்டும்தான் குறிக்குக் குறி மாறும். ஈ-0-வை லத்தீன் கேஸில் தேடினால் சாய்கோடு போட்ட 'ஏ'. ஏ-ஈ-யைத் தேடினால் வட்டத்துக்குள் 'ஆர்'. நீங்கள் பக்கம் பக்கமாகப் பார்த்தது அதைத்தான். இந்த இரண்டும் மாறி மாறி வந்தால் உள்ளே இருப்பது தமிழ் யூ.டி.எஃப்-8 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

விண்டோஸ்-1252 கேஸில் ஐந்து அறைகள் காலி: 81, 8-டி, 8-எஃப், 90, 9-டி. பைத்தான் அந்த அறைகளில் கை வைக்க மறுத்துப் பிழை சொல்லும். இப்போது தமிழைப் பாருங்கள். உகரக் குறியின் மூன்றாவது பைட் 81. புள்ளியின் மூன்றாவது பைட் 8-டி. தனி எழுத்தாக வரும் 'ஏ'-க்கு 8-எஃப், 'ஐ'-க்கு 90. 9-டி-யில் முடியும் தமிழ்க் குறி கிடையாது. ஆக, உங்கள் மடல்களில் போனது இந்த நான்கும்தான். பிழை வந்தால் தாண்டிப் போ என்று சொன்னதால், அந்த நான்கையும் வாசல் வரை வந்தும் உள்ளே விடவில்லை. நிரலன் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். பிரெஞ்சு மட்டும் இருந்திருந்தால் அவர் ஸ்க்ரிப்ட் சரியாகத்தான் ஓடியிருக்கும். தமிழில் புள்ளி இல்லாத வரி எங்கே இருக்கிறது?

மை-எஸ்க்யூஎல் லத்தீன்-1 என்று சொல்வதும் உண்மையில் விண்டோஸ்-1252தான். ஆனால் அந்த ஐந்து காலி அறைகளையும் இடிக்காமல் வைத்திருக்கும், போட்டதைப் போட்டபடி திருப்பிக் கொடுக்கும். அதனால் மாற்றுவதை மை-எஸ்க்யூஎல்லுக்குள்ளேயே செய்யுங்கள். பேக்கப்பிலிருந்து மடல் நெடுவரிசையை முதலில் வெறும் பைட் வகைக்கு மாற்றுங்கள், பிளாப் என்பார்கள். அந்த நிலையில் அதற்கு மொழியும் கிடையாது, கேஸும் கிடையாது, வெறும் ஈய எழுத்துக் குவியல். அங்கேயே நிறுத்துங்கள். அடுத்த படியாக யூடிஎஃப்8எம்பி4 என்று பெயர் வைக்கச் சொல்லி எல்லா வழிகாட்டிகளிலும் இருக்கும். உங்கள் விஷயத்தில் அது ஆபத்து, ஏனென்றால் குவியலில் ஒரே கேஸின் எழுத்து இல்லை.

டிஃபால்ட் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனிப் பையன் கேட்டது, இனி வருவதை எதில் சேமிப்பது என்று. உலாவிக்கு இது என்ன குறியேற்றம் என்று அறிவிப்பது தனி விஷயம். பக்கத்தின் உள்ளே யூ.டி.எஃப்-8 என்று எழுதியிருந்தாலும் சர்வர் அனுப்பும் தலைப்பில் வேறு பெயர் இருந்தால் உலாவி சர்வர் சொல்வதைத்தான் கேட்கும். அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டுக்கும் யூ.டி.எஃப்-8, சர்ச்சையே இல்லை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: எந்தப் பெயரும் ஒட்டாமல் வந்து கிடக்கும் பழைய மடலை என்னவென்று நினைப்பது? அதற்கு ஒரே டிஃபால்ட் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அந்தக் காலத்தில் உங்கள் பலகை தன்னை லத்தீன்-1 என்று சொல்லிக்கொண்டிருந்தது. திஸ்கிக்காரர்கள் ஆங்கிலத்துக்கு ஒதுக்கிய அறைகள் போக மீதி 128 மேல்அறைகளில் தமிழை வைத்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் அதே அறைகளில் தலைக்கோட்டு எழுத்துகளை வைத்தார்கள். அறை ஒன்றுதான், குடியிருந்தவர்கள் இரண்டு பேர்.

எண்களாக வந்த மடல்கள்தான் இதில் பாக்கியசாலிகள். லத்தீன்-1 பக்கத்தின் பெட்டியில் யாராவது யூனிகோடில் தட்டினால், தன்னால் அனுப்ப முடியாத எழுத்தை உலாவி எண்ணாக்கி அனுப்பிவிடும். 2980 என்பது 'த'. அது வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும் என்பதால் எந்தச் சர்வர் மாற்றத்திலும் சேதமாகாது. ஒரு எழுத்துக்கு ஏழு இடம் பிடிக்கும், தலைப்புகள் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும், அவ்வளவுதான் நஷ்டம்.

லாசப்பல் தங்கன் எழுதியது:

அண்ணை, பாரிஸிலிருந்து எழுதுகிறேன். எட்டாம் பிட் அக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒரு பழைய தமிழ் எழுத்துருக் கூட்டத்தை விட்டுவிட்டா. பாமினி.

இங்கே பாரிஸில் ஈழத்தமிழர் கடைத்தெருவான லா சப்பலில் எங்கட ஆட்களின் கடைகளில் அப்போது டைப் பண்ணிக் கொடுப்பது எல்லாம் பாமினியில்தான். உங்கட காரைக்கால் ஆட்கள் கனபேர் அங்கே வந்துதான் தட்டச்சு செய்விப்பார்கள், நானே செய்து கொடுத்திருக்கிறேன். பாமினி மேல்அறைகளுக்கு அவ்வளவாகப் போகாது. தட்டச்சு மிஷின் விசைப்பலகையை அப்படியே ஆங்கில எழுத்துகளின் மேல் வைத்தது. 'அம்மா' என்று எழுதினால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கணினிக்கு அது ஆங்கிலம். எந்தச் சோதனை வைத்தாலும் பழுதில்லாத ஆங்கிலம் என்று பாஸ் போட்டுவிடும். நீங்களும் ஏதோ குப்பை மடல் என்று அழித்துவிடுவீர்கள்.

பிடிக்க ஒரு வழி இருக்கு. பாமினியில் புள்ளி என்பது அரைப்புள்ளி. சொல்லுக்கு நடுவில், இரண்டு பக்கமும் எழுத்து ஒட்டியிருக்க அரைப்புள்ளி வந்தால், அதுவும் வரிக்கு நாலைந்து தரம் வந்தால், அது பாமினி. இங்கிலிஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் சொல்லுக்கு நடுவில் அரைப்புள்ளி போடமாட்டான். ஆனால் எண் மடல்களிலும் அரைப்புள்ளி வரும், அவற்றை முதலில் ஒதுக்கிவிட்டுத் தேடுங்கோ.

கேள்விக்குறியைப் பற்றி வீணாக நம்பிக்கை தரமாட்டேன். கேள்விக்குறி ஆனது ஆனதுதான். சாய்கோட்டு 'ஏ' என்றால் பைட் உள்ளே உயிரோடு இருக்கு. கேள்விக்குறி என்றால் உள்ளேயும் கேள்விக்குறிதான். 2009-ல் மென்பொருளைப் புதுப்பித்திருப்பீர்கள், அது தான் யூ.டி.எஃப்-8 பேசுகிறேன் என்று டேட்டாபேஸுக்குச் சொல்லியிருக்கும், டேட்டாபேஸ் லத்தீன்-1-ல் இருந்திருக்கும். லத்தீனில் இல்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு எடுத்து வைத்திருக்கும். அந்த வாரத்துப் பிரெஞ்சு நல்லபடி இருக்குமே, பார்த்தீர்களா?

அந்தப் பலகை புது மடல் வந்தால் மின்னஞ்சல் அனுப்புமா? அனுப்பும் என்றால் டேட்டாபேஸுக்குப் போகும் முன்னமே அந்தப் பிரதி போயிருக்கலாம். ஆட்களின் பழைய பெட்டிகளில் தேடச் சொல்லுங்கோ.

எட்டாம் பிட் எழுதியது:

பாமினியை விட்டது என் தவறுதான். நான் சென்னையில் வளர்ந்தவள், எங்கள் பக்கம் அது அவ்வளவாகக் கிடையாது.

மின்னஞ்சல் என்றதும் நினைவு வந்தது. அறிவிப்பு மடல்களின் தலைப்பில் நடுவில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வருகிறதா? வந்தால் அது வேறு நோய். மின்னஞ்சல் தலைப்பில் தமிழை நேராக அனுப்பாமல் பொட்டலம் கட்டி அனுப்புவது பழைய வழக்கம். ஒரு பொட்டலம் 75 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. கயிறு, முடிச்சு எல்லாம் கழித்தால் ஒரு பொட்டலத்துக்குப் பதினைந்து தமிழ்க் குறிதான் கொள்ளும். அதற்கு மேல் போனால் அடுத்த பொட்டலம். மூன்று பைட்டில் ஒன்றை முதல் பொட்டலத்திலும் இரண்டை அடுத்ததிலும் கட்டக்கூடாது என்று விதியே இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் பார்த்து எழுதிய மென்பொருள்கள் பைட் கணக்கில் குறுக்கே வெட்டிவிடும். குறி இரண்டாகப் பிளந்தால் அந்த வைரம்தான்.

அச்சாபீஸ் மாமா எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் மூன்று கல்யாணப் பத்திரிகை ஆர்டர்.

புதிய மடல்களுக்கு யூடிஎஃப்8எம்பி4 வைத்தாயிற்று. சர்வர் தலைப்பில் பழைய லத்தீன் பெயர் இருந்தது உண்மைதான், அதையும் மாற்றச் சொல்லி மாற்றிவிட்டார்கள். இதெல்லாம் ஒரு மணி நேர வேலை. மீதிப் பன்னிரண்டு நாளும் பழைய குவியலில்தான் போனது.

பேக்கப் இருந்தது. அதை வெறும் பைட்டாகவே ஒரு புது நெடுவரிசையில் வைத்தோம், அதை இனி யாரும் தொடக்கூடாது என்று மருமகனிடம் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இன்னொரு நெடுவரிசையில் மாற்றிய பிரதி. மூன்றாவதாக, எந்தக் கேஸ் என்று நினைத்து மாற்றினோம் என்று ஒரு குறிப்பு. தவறாக நினைத்திருந்தால் மறுபடி மூலத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். புரூப் தாளை வைத்துக்கொண்டு மேனுஸ்கிரிப்டைக் கிழித்துப் போடுபவன் அச்சகத்தில் வேலைக்கு ஆகமாட்டான்.

முதலில் மருமகன் சல்லடை போட்டான். யூ.டி.எஃப்-8 என்று வைத்துப் படித்தால் பிழையே வராத மடல்கள் தனியாக விழுந்தன. அது நம்பகமான சோதனையாம். திஸ்கியோ பிரெஞ்சோ தற்செயலாக அந்தச் சோதனையில் தேறுவது மிக அரிது. எண் மடல்கள் தனி. தங்கன் தம்பி சொன்ன அரைப்புள்ளிக் கணக்கில் 212 பாமினி மடல்கள் சிக்கின. அதில் பாதியை 2005-லேயே நான் குப்பைப் பெட்டிக்கு ஒதுக்கி வைத்திருந்தேன், இப்போது வெட்கமாக இருக்கிறது.

மீதம் இருந்தவை திஸ்கியா, பிரெஞ்சா, இரண்டும் கலந்ததா என்பதுதான் சிக்கல். மேல்அறைப் பைட் நெருக்கமாக வந்தால் தமிழ், ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஒன்றிரண்டு வந்தால் பிரெஞ்சு என்று மருமகன் ஒரு கணக்கு வைத்தான். நீள மடல்களில் அது சரியாக வந்தது. "சரி", "நன்றி", "மெர்சி" என்று ஒரே சொல் போட்டுவிட்டுப் போகிறவர்களிடம் தோற்றது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது, எழுதியவன் யார் என்று தெரியுமே! எங்கள் பலகையில் அறுபது பேருக்கு மேல் அடிக்கடி எழுதியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஆளுக்கு ஒரு வரி எழுதினேன். ரெயூனியன் டாக்டர் 2005 தீபாவளி வரை திஸ்கி, பிறகு புது லேப்டாப், யூனிகோடு. லியோன்காரர் தமிழில் எழுதியதே இல்லை, எழுதத் தெரியாது, வெட்கப்படுவார். பாரிஸ் அக்கா வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பாமினி, ஏனென்றால் அன்றைக்குத்தான் லா சப்பல் கடைக்குப் போவார். மருமகன் அதை அப்படியே அட்டவணையாக்கிக் கணினியில் போட்டான். கணினி தலையைச் சொறிந்துகொண்டு நின்ற மடல்களில் முக்கால்வாசி அந்த நோட்டில் தீர்ந்தன.

திஸ்கியை மாற்றும்போது ஒரு வேடிக்கை. 'கொ' என்பதைத் திஸ்கியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில், முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால் என்று வைத்திருக்கிறார்கள். நாங்கள் கையால் கோர்த்ததும் அப்படித்தான். யூனிகோடில் 'க' முதலில், பிறகு கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி. அதனால் மாற்றும்போது எழுத்தைப் பிரித்துத் திரும்பக் கோர்க்க வேண்டும். மருமகன் முதலில் எழுதியதில் கொம்பு எல்லாம் அடுத்த எழுத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதை அவன் கவனிக்கவே இல்லை, நான்தான் புரூப்பில் பிடித்தேன். பதினேழு வயதில் வாங்கிய அடி வீண் போகவில்லை.

கலப்பு மடல்கள் கொஞ்சம் அப்படியே இருக்கின்றன. திஸ்கியும் தலைக்கோட்டுப் பிரெஞ்சும் ஒரே வாக்கியத்தில் வருபவை. அதை யந்திரம் பிரிக்காது, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து கையால் செய்கிறேன்.

கேள்விக்குறி மடல்கள் 63. தங்கன் தம்பி சொன்னது அப்படியே. பிரெஞ்சு தலைக்கோடு சகிதம் நன்றாக இருக்கிறது, தமிழ் முழுக்கப் போச்சு. உறுப்பினர்களுக்கு எழுதிக் கேட்டதில் ரெயூனியன் டாக்டர் ஒரு மின்னஞ்சலையும் அழிக்காதவர் என்று தெரியவந்தது, 46 மடல்களை அனுப்பினார். நீளத் தலைப்புகளில் அந்த வைரங்கள் இருந்தன, உள்ளே இருந்தது முழுதாக இருந்தது.

மீதிப் பதினேழையும் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒரு குறிக்கு ஒரு கேள்விக்குறி என்பதால் நீளம் மட்டும் தெரிகிறது. முதல் சொல் ஏழு கேள்விக்குறி என்றால் 'வணக்கம்' என்று தைரியமாகப் போட்டுவிடலாம். நமக்கு ஐந்து எழுத்து, கணினிக்குப் புள்ளி இரண்டும் சேர்த்து ஏழு. அதற்கு மேல் ஓடவில்லை. ஒன்று என் வகுப்புத் தோழன் எனக்கே எழுதியது. நாலு வரி கேள்விக்குறி, நடுவில் 'மெர்சி' என்று மட்டும் தெரிகிறது, கீழே ஜூன் 25 என்று தேதி. நேற்று அவனுக்கே போன் போட்டு, எதற்கடா எனக்கு நன்றி சொன்னாய் என்று கேட்டேன். "செய்தவன் நீ, நினைவு வைத்துக்கொள்ள வேண்டியது நானா?" என்கிறான்.